தேசியப் புள்ளியியல் ஆய்வு அட்டவணைகளைத் தேடும் கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசுகள் பெரும் பொருட்செலவில் நடத்தும் மாதிரி ஆய்வுகளின் முடிவுகள் இன்று பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனாலும், தேவைப்படும் எண்ணை உரிய அட்டவணையில் கண்டெடுத்து அதன் பொருளைப் பிசகாமல் படிப்பது பலருக்கும் கடினமாகவே இருக்கிறது. மாணவர்கள், செய்தியாளர்கள், தொண்டு நிறுவனப் பணியாளர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. எடுத்துக்காட்டுகள் பல நாடுகளின் ஆய்வுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. கருவியின் தோற்றம் நாட்டுக்கு நாடு மாறினாலும், தேட வேண்டிய முறை பெரிதும் மாறுவதில்லை.

அட்டவணைத் தேடல் கருவி என்றால் என்ன? சாதாரணத் தேடுபொறி போதாதா?

தேடுபொறி இணையப் பக்கங்களில் உள்ள சொற்களைத் தேடுகிறது. அட்டவணைத் தேடல் கருவியோ, ஒரு புள்ளியியல் நிறுவனம் வெளியிட்ட ஒவ்வோர் அட்டவணையின் தலைப்பு, அதிலுள்ள மாறிகள், ஆய்வு நடந்த காலம், அது உள்ளடக்கும் நிலப்பகுதி ஆகியவற்றைத் தொகுத்து வைத்திருக்கும் பட்டியலில் தேடுகிறது. தேடுபொறி பெரும்பாலும் செய்தி அறிக்கைக்கோ வேறொருவர் எழுதிய கட்டுரைக்கோ உங்களை அழைத்துச் செல்லும். அங்கே காணும் எண் சரியானதாகவே இருக்கலாம், ஆனால் அது யாரைப் பற்றிய எண், எந்தக் காலத்துக்கு உரியது என்ற விவரம் வழியிலேயே உதிர்ந்துபோயிருக்கும். மூல அட்டவணையைத் தேடிச் செல்வது அந்த விவரத்துக்காகத்தான்.

எந்தெந்தக் கருவிகளைப் பயன்படுத்தலாம்?

இந்தியாவில் புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகம் 2024 ஜூன் 29 அன்று, புள்ளியியல் அறிஞர் பி. சி. மகலனோபிஸின் பிறந்த நாளான புள்ளியியல் தினத்தன்று, இ-சாங்க்யிகி என்ற தளத்தைத் தொடங்கியது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் பழைய ‘அமெரிக்கன் ஃபேக்ட்ஃபைண்டர்’ 2020 மார்ச்சில் மூடப்பட்டு, அதன் இடத்தில் புதிய தரவுத் தளம் வந்துள்ளது. ஜப்பானில் எல்லா அமைச்சகங்களின் புள்ளிவிவரங்களுக்கும் ஒரே வாயிலாக இ-ஸ்டாட் 2008 முதல் இயங்குகிறது. பிரிட்டனில் தொழிலாளர் சந்தை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆகியவற்றின் அட்டவணைகளுக்கு நோமிஸ் இருக்கிறது. பல நாடுகளின் மக்கள்தொகை மற்றும் நலவாழ்வு ஆய்வுகளை ஒரே அட்டவணையில் ஒப்பிட ஸ்டேட்கம்பைலர் உருவாக்கப்பட்டது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் கேள்வி எந்த ஆய்வைச் சார்ந்தது என்பதைப் பொறுத்தது. ஆகவே கருவியைத் திறப்பதற்கு முன், அந்தத் தகவலை எந்த ஆய்வு திரட்டுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

தேடும் சொல்லைக் கொடுத்தால் ஒன்றுமே வருவதில்லை, அல்லது நூற்றுக்கணக்கில் வந்து கொட்டுகின்றன. எப்படித் தேடுவது?

இரண்டு சிக்கல்களுக்கும் காரணம் ஒன்றே. நாம் நம்முடைய கேள்வியின் சொற்களைக் கொடுக்கிறோம், கருவியோ அட்டவணையைத் தயாரித்தவர்களின் சொற்களை மட்டுமே அறியும். ‘ஏழ்மை’ என்று தேடுகிறவருக்குத் தேவையான தகவல் ‘மாதாந்திர தலா நுகர்வுச் செலவு’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும். ‘சம்பளம்’ என்று தேடுகிறவருக்குத் தேவையானது ‘முறையான ஊதியம் பெறுவோரின் சராசரி ஈட்டம்’ என்று பெயரிடப்பட்டிருக்கும். ‘குடிநீர் வசதி’ என்பது ‘மேம்படுத்தப்பட்ட குடிநீர் ஆதாரம்’ ஆகியிருக்கும். அதிகாரபூர்வச் சொல்லைக் கண்டுபிடிக்க எளிய வழி, அந்த ஆய்வின் வினாப் படிவத்தையோ அறிக்கையின் ‘கருத்துகளும் வரையறைகளும்’ என்ற இயலையோ பத்து நிமிடம் புரட்டிப் பார்ப்பதுதான். பெரும்பாலானோர் இந்தப் படியைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள், தேடலில் வீணாகும் நேரத்தில் பெரும்பகுதி இதனாலேயே வீணாகிறது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்ததாக, தேட நினைக்கும் அட்டவணையை முதலில் ஒரு தாளில் வரைந்து பாருங்கள். கிடைவரிசையில் என்ன வர வேண்டும், நெடுவரிசையில் என்ன வர வேண்டும், கட்டத்துக்குள் இருக்கப்போவது எண்ணிக்கையா, சதவீதமா, சராசரியா என்று எழுதுங்கள். ‘பெண்கள் கல்வி பற்றிய தரவு’ என்று தொடங்கும் ஒருவர், வரையத் தொடங்கியதும் தமக்குத் தேவையானது ‘15 முதல் 49 வயது வரையுள்ள பெண்கள், முடித்த கல்வியாண்டுகளின்படி, மாநிலவாரியாக, சதவீதத்தில்’ என்று கண்டுகொள்வார். அந்த வாக்கியத்தின் ஒவ்வொரு துண்டும் கருவியில் உள்ள ஒரு வடிகட்டியாகிவிடுகிறது. முதலில் ஆய்வையும் ஆண்டையும் வடிகட்டுங்கள், பிறகு பொருளை, அதன்பின் நிலப்பகுதியை. நிலப்பகுதியை முதலிலேயே மிகச் சிறியதாகத் தேர்ந்தெடுத்தால், அந்த மட்டத்தில் வெளியிடப்படாத அட்டவணைகள் எல்லாம் பட்டியலிலிருந்து மறைந்துவிடும், அவை இல்லவே இல்லை என்ற தவறான முடிவுக்கும் நீங்கள் வந்துவிடக்கூடும்.

அட்டவணை எண்ணை நினைவில் வைத்துக்கொள்வதால் பயன் உண்டா?

உண்டு, மிகவும் உண்டு. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை நடத்தும் அமெரிக்க சமுதாய ஆய்வில் ‘பி19013’ என்பது குடித்தனங்களின் இடைநிலை வருமானத்தை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் வருமானத்தை, தரும் அட்டவணை. ‘பி’ என்ற எழுத்து விரிவான அட்டவணை என்பதையும், அடுத்து வரும் 19 வருமானம் என்ற பொருளையும் குறிக்கிறது. 17 என்றால் வறுமை, 25 என்றால் வீட்டுவசதி. இந்த அமைப்பு பிடிபட்டுவிட்டால் தலைப்பைப் படிக்காமலே அட்டவணைகளின் குடும்பத்தை அடையாளம் காணலாம். கனடாவின் புள்ளியியல் நிறுவனத்தில் ‘14-10-0287-01’ என்பது மாதாந்திரத் தொழிலாளர் படை அட்டவணை, அதில் முதல் இரண்டு இலக்கங்கள் தொழிலாளர் என்ற பொருளைக் குறிக்கின்றன. 2018இல் இந்த எண் முறை வருவதற்கு முன் அதே அட்டவணைக்கு 282-0087 என்ற எண் இருந்தது. பழைய ஆய்வுக் கட்டுரைகளில் இப்படிப்பட்ட எண்ணைக் கண்டால், நிறுவனம் தந்துள்ள பழைய எண்–புதிய எண் ஒப்பீட்டுப் பட்டியலைப் பாருங்கள்.

அட்டவணையைத் திறந்ததும் முதலில் எதைப் படிக்க வேண்டும்?

எண்களை அல்ல. தலைப்புக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் ‘இலக்குத் தொகுதி’ என்ற வரியைப் படிக்க வேண்டும். அட்டவணை யாரைப் பற்றிப் பேசுகிறது என்பதை அந்த ஒரு வரிதான் சொல்கிறது. மேலே சொன்ன பி19013 அட்டவணையின் தொகுதி குடித்தனங்கள். பி19113 என்பதும் இடைநிலை வருமானம்தான், ஆனால் அதன் தொகுதி குடும்பங்கள். தனியாக வாழ்பவரும், உறவுமுறை இல்லாமல் ஒரே வீட்டைப் பகிர்ந்துகொள்வோரும் முதலாவதில் சேர்வர், இரண்டாவதில் சேரமாட்டார்கள். பி19301 என்பது தலா வருமானம், அதன் தொகுதி மொத்த மக்கள்தொகை. இம்மூன்றையும் ‘ஒரு பகுதியின் வருமானம்’ என்று ஒரே பெயரால் அழைத்தால், ஒன்றுக்கொன்று பெரிதும் விலகி நிற்கும் மூன்று எண்கள் ஒரே இடத்துக்குக் கிடைத்துவிடும்.

இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் (2019–21) இரத்தசோகை உள்ள குழந்தைகள் 67.1 சதவீதம் என்ற எண்ணைப் பலரும் எடுத்தாள்கிறார்கள். அது 6 முதல் 59 மாதங்கள் வரையுள்ள குழந்தைகளைப் பற்றிய எண். பிறந்து ஆறு மாதம் ஆகாத குழந்தைகளுக்கு அந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை. ‘ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும்’ என்று அதை எழுதினால், அளக்கப்படாதவர்களைப் பற்றியும் ஒரு கூற்றைச் சொன்னதாகிவிடும்.

இலக்குத் தொகுதிக்குப் பிறகு அலகைப் பாருங்கள்: ஆயிரத்திலா, சதவீதத்திலா, ஆயிரம் பேருக்கு எத்தனை என்ற கணக்கிலா என்று. தேசிய மாதிரி ஆய்வின் பழைய அறிக்கைகளில் பல விகிதங்கள் ஆயிரத்துக்கு இத்தனை என்றே அச்சிடப்பட்டுள்ளன. அதைக் கவனியாமல் சதவீதமாக எடுத்துக்கொள்வோரும் உண்டு.

ஒரே ஆய்வு, ஒரே ஆண்டு, ஆனால் வேலையின்மை விகிதம் இரண்டு விதமாக வருகிறது. எது சரி?

இரண்டும் சரி. இந்தியாவின் காலமுறைத் தொழிலாளர் ஆய்வின் 2023–24 அறிக்கையில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரின் வேலையின்மை விகிதம் வழக்கமான நிலையின்படி 3.2 சதவீதம், நடப்பு வார நிலையின்படி 4.9 சதவீதம். முதலாவது அளவு கடந்த 365 நாட்களை நோக்குகிறது. ஒருவர் அந்த ஆண்டின் பெரும்பகுதியில் வேலையின்றி இருந்திருந்தாலும், குறைந்தது 30 நாட்கள் துணைத் தொழிலில் ஈடுபட்டிருந்தால் அவர் வேலையில் உள்ளவராகவே கணக்கிடப்படுவார். இரண்டாவது அளவு கணக்கெடுப்பு நாளுக்கு முந்தைய 7 நாட்களை மட்டுமே நோக்குகிறது. அந்த வாரத்தில் ஒரு மணி நேரமும் வேலை செய்யாமல், வேலை தேடியோ வேலைக்குத் தயாராகவோ இருந்தவர் வேலையற்றவர். பருவகால வேலையில் இருப்பவர் வேலை இல்லாத வாரத்தில் இரண்டாவது கணக்கில் வேலையற்றவராகவும், முதல் கணக்கில் வேலையுள்ளவராகவும் ஒரே நேரத்தில் இடம்பெற முடியும்.

இந்த வேறுபாட்டை அறியாமல் அட்டவணைகளைக் கலப்பதால் உண்டாகும் பிழை சிறியதல்ல. 2025 ஏப்ரல் மாதத்துக்கான முதல் மாதாந்திர அறிக்கை, வார நிலையின்படி 5.1 சதவீதம் என்று காட்டியது. அதை 3.2 சதவீதத்துடன் ஒப்பிட்டு, ஓராண்டில் வேலையின்மை பாய்ந்து ஏறிவிட்டது என்று ஒருவர் எழுதக்கூடும். உண்மையில் அவர் ஒப்பிட்டது இரண்டு வெவ்வேறு அளவுகோல்களை. வார நிலையை வார நிலையுடன் ஒப்பிட்டாலும்கூட எச்சரிக்கை தேவை, ஏனெனில் ஒன்று ஆண்டு முழுவதின் சராசரி, மற்றொன்று ஒரு மாதத்தின் மதிப்பீடு. போதாக்குறைக்கு 2025 ஜனவரி முதல் மாதிரி எடுக்கும் முறையும் மாற்றியமைக்கப்பட்டது. கருவியில் ‘நிலை’ என்ற வடிகட்டி இருந்தால், அது தானாக எதைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

வேலையின்மை விகிதத்தின் வகுக்கும் எண் மக்கள்தொகை அல்ல, தொழிலாளர் படை (வேலையில் உள்ளோரும் வேலையற்றோரும் சேர்ந்த தொகை) என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வேலை தேடுவதையே கைவிட்டவர் அந்தப் பின்னத்தில் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

சில கட்டங்களில் நட்சத்திரக் குறியோ அடைப்புக்குறியோ இருக்கிறது. எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

தேசியக் குடும்ப நல ஆய்விலும் அதே மரபைப் பின்பற்றும் பிற நாட்டு ஆய்வுகளிலும், எடையிடாத (மாதிரியில் உள்ளபடியே எண்ணிய) 25-க்கும் குறைவான நேர்வுகளைக் கொண்டு கணக்கிட்ட எண் வெளியிடப்படுவதில்லை, அங்கே நட்சத்திரக் குறி இருக்கும். 25 முதல் 49 வரையுள்ள நேர்வுகளைக் கொண்டு கணக்கிட்டது அடைப்புக்குறிக்குள் தரப்படும். தரவிறக்கம் செய்யும்போது சில கோப்புகளில் இந்த அடைப்புக்குறி காணாமல் போய்விடும், வேறு சில விரிதாள்களில் அது எதிர்ம எண்ணாகவும் மாறிவிடும். ஆகையால் தரவிறக்கிய கோப்பை ஒரு முறையாவது மூலப் பக்கத்துடன் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

வெற்றுக் கட்டம், கோடு, பூஜ்யம் ஆகிய மூன்றும் வெவ்வேறு செய்திகள். எது எதைக் குறிக்கிறது என்பதை அடிக்குறிப்பு சொல்லும்.

பிழை வரம்பு என்ற நெடுவரிசையை நான் நீக்கிவிடுவது வழக்கம். அதில் தவறுண்டா?

உண்டு. மாதிரி ஆய்வு எல்லோரையும் கேட்பதில்லை, சிலரைக் கேட்டு எல்லோரைப் பற்றியும் மதிப்பிடுகிறது. அந்த மதிப்பீடு எவ்வளவு ஆடக்கூடும் என்பதைச் சொல்வதே பிழை வரம்பு. அமெரிக்க சமுதாய ஆய்வு அதை 90 சதவீத நம்பிக்கை மட்டத்தில் தருகிறது, 1.645 ஆல் வகுத்தால் திட்டப் பிழை (அந்த ஆட்டத்தின் அடிப்படை அளவு) கிடைக்கும்.

கற்பனையாக ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு மாவட்டத்தில் விகிதம் 12.0, பிழை வரம்பு 1.5. மற்றொன்றில் 14.0, பிழை வரம்பு 1.8. வேறுபாடு 2.0. இரு வரம்புகளையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 2.25 + 3.24 = 5.49, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 2.34, இதுவே வேறுபாட்டின் பிழை வரம்பு. வேறுபாடு இதைவிடக் குறைவாக இருப்பதால், இரண்டாவது மாவட்டத்தில் விகிதம் அதிகம் என்று இந்த அட்டவணையை மட்டும் கொண்டு சொல்ல இயலாது. ஒரு நிமிடக் கணக்குதான் இது. தரவரிசைப் பட்டியல் தயாரிக்கும் ஒவ்வொருவரும் இதைச் செய்துவிட்டுத்தான் வெளியிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன், ஏனெனில் அந்தப் பட்டியலில் கடைசி இடம் பெறுவது ஏதோ ஓர் ஊரும் அங்கே வாழும் மக்களும்.

என் ஊருக்கோ வட்டத்துக்கோ அட்டவணையே கிடைக்கவில்லை. ஏன்?

மாதிரியின் அளவு இடம் தராததே காரணம். அமெரிக்க சமுதாய ஆய்வின் ஓராண்டு மதிப்பீடுகள் 65,000 அல்லது அதற்கு மேற்பட்ட மக்கள் உள்ள பகுதிகளுக்கே வெளியாகின்றன, அதைவிடச் சிறிய இடங்களுக்கு ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு 6,36,699 குடித்தனங்களைச் சந்தித்து 707 மாவட்டங்களுக்கு மதிப்பீடுகளைத் தந்தது. ஆனாலும் ஆண்களுக்கான வினாக்களும் குடும்ப வன்முறை போன்ற சில பகுதிகளும் குடித்தனங்களில் ஒரு சிறு பங்கிடம் மட்டுமே கேட்கப்பட்டதால், அவை மாநில மட்டத்தோடு நின்றுவிடுகின்றன. மாநிலச் சராசரியை எடுத்து உங்கள் ஊருக்குப் பொருத்திவிடாதீர்கள். ஊர் மட்டத் தகவலுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளையோ நிர்வாகப் பதிவேடுகளையோ நாடுவதே முறை.

பழைய ஆண்டின் அட்டவணையுடன் ஒப்பிட்டுப் போக்கைக் கண்டறியலாமா?

ஒப்பிடலாம், ஆனால் இடையில் அளக்கும் முறை மாறவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே. இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வு 1950இல் தொடங்கி நீண்ட தொடர்ச்சியைக் கொண்டது. அதிலேயே 1999–2000இல் நடந்த 55-ஆம் சுற்று இதற்குச் சிறந்த பாடம். உணவுச் செலவைப் பற்றி அந்தச் சுற்றில் கடந்த 7 நாட்களின் செலவையும் கடந்த 30 நாட்களின் செலவையும் நினைவிலிருந்து சொல்லும்படி ஒரே படிவத்தில் பக்கம் பக்கமாகக் கேட்டார்கள். ஒரு விடை மற்றொன்றைப் பாதித்ததாகக் கருதப்பட்டது. அதனால் முந்தைய சுற்றுகளோடு ஒப்பிட்டு வறுமை எவ்வளவு குறைந்தது என்று சொல்வது பல ஆண்டுக் கால விவாதத்துக்கு உள்ளாயிற்று. 2022–23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்விலும் பொருட்களின் எண்ணிக்கை 347-இலிருந்து 405 ஆக உயர்ந்தது. ஒரே தடவையில் எல்லாவற்றையும் கேட்பதற்குப் பதிலாக வினாக்கள் பிரிக்கப்பட்டுப் பல வருகைகளில் கேட்கப்பட்டன. 2011–12 எண்ணுடன் இதை நேராக வைத்து வளர்ச்சியைக் கணக்கிடுவோர், வளர்ச்சியில் எவ்வளவு உண்மையான செலவால் வந்தது, எவ்வளவு கேட்கும் முறையால் வந்தது என்று பிரித்தறிய வழியின்றி நிற்பார்கள்.

வரையறைகளும் மாறும். 2013இல் கூடிய தொழிலாளர் புள்ளியியலாளர்களின் 19-ஆம் பன்னாட்டு மாநாடு, சொந்த உபயோகத்துக்காகச் செய்யும் உற்பத்தியை வேலைவாய்ப்பு என்ற வரையறையிலிருந்து பிரித்தது. அதை ஏற்ற நாடுகளின் தொடர்களில் அந்த இடத்தில் ஒரு முறிவு இருக்கும். நல்ல கருவிகள் முறிவு நேர்ந்த ஆண்டில் ஒரு குறியிட்டுக் காட்டுகின்றன. ஆனால் அதே கருவி வரையும் கோட்டு வரைபடத்தில் அந்தக் குறி மறைந்து, கோடு இடையறாமல் ஓடிக்கொண்டிருக்கும். வரைபடத்தைப் பிரதி எடுப்பதற்கு முன் அட்டவணையைப் பார்ப்பது இதனால்தான் தேவைப்படுகிறது.

எல்லைகளை மறந்துவிடக் கூடாது. நான்காவது குடும்ப நல ஆய்வில் 640 மாவட்டங்கள், ஐந்தாவதில் 707. பெயர் மாறாமல் நிலப்பரப்பு சுருங்கிய மாவட்டத்தை ஒப்பிடுவது, வேறோர் இடத்தை ஒப்பிடுவதற்குச் சமம்.

பகுதிகளைக் கூட்டினால் மொத்தம் வருவதில்லையே?

பெரும்பாலும் முழுமையாக்கலே, அதாவது எண்ணை அருகிலுள்ள ஒரு மடங்குக்கு மாற்றுவதே, காரணம். நியூசிலாந்து தன் கணக்கெடுப்பு எண்களை 3-இன் மடங்குகளாகவும், கனடா 5-இன் மடங்குகளாகவும், தனிநபர் அடையாளம் வெளிப்படாதிருக்கத் தற்செயல் முறையில் முழுமையாக்குகின்றன. சில அட்டவணைகளில் ‘பதில் தராதோர்’ தனி வரியாக இல்லாமல் மொத்தத்தில் மட்டும் சேர்க்கப்பட்டிருப்பர். மொத்தம் தேவையென்றால் மொத்தத்துக்கான கட்டத்தையே எடுங்கள், நீங்களாகக் கூட்டிப் பெறாதீர்கள்.

எனக்குத் தேவையான குறுக்கு அட்டவணை (இரண்டு மாறிகளைச் சேர்த்துக் காட்டுவது) எங்குமே வெளியிடப்படவில்லை. வேறு வழி?

அலகு நிலைத் தரவு, அதாவது ஒவ்வொரு குடித்தனத்தின் விடைகளும் பெயர், முகவரி நீக்கப்பட்டு அடங்கிய கோப்பு, பல நாடுகளில் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கிறது. இந்தியாவில் அமைச்சகத்தின் நுண்தரவுத் தளத்தில் பதிவு செய்து பெறலாம். ஆனால் அதைக் கையாள்வது அட்டவணையைப் படிப்பதைவிடப் பன்மடங்கு பொறுப்பு மிக்க வேலை. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எடை உண்டு, அதைப் பயன்படுத்தாமல் எண்ணினால் கிடைப்பது மாதிரியின் கணக்கே தவிர நாட்டின் கணக்கல்ல. முதல் பயிற்சியாக, ஏற்கெனவே வெளியான ஓர் அட்டவணையை எடுத்து அதே எண்களை நுண்தரவிலிருந்து நீங்களே வரவழைத்துப் பாருங்கள். அது பொருந்திய பிறகுதான் புதிய அட்டவணைக்குப் போக வேண்டும்.

தரவிறக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பகுதிக் குறியீடுகளின் முன்னால் உள்ள பூஜ்யம் விரிதாளில் திறந்ததும் உதிர்ந்துவிடும், ‘01’ என்பது ‘1’ ஆகிவிடும், பிறகு வேறு அட்டவணையுடன் இணைக்கும்போது அந்தப் பகுதி காணாமல் போகும். அந்த நெடுவரிசையை எண்ணாக அல்லாமல் உரையாகவே இறக்குமதி செய்யுங்கள். அடிக்குறிப்புகள் தனிக் கோப்பாகத் தரப்பட்டால் அதையும் சேர்த்து இறக்கி, ஒரே கோப்புறையில் வையுங்கள். ஒரே அட்டவணையை மாதந்தோறும் எடுப்பவர்கள், கருவி ஏபிஐ வசதி (நிரல் வழியாகத் தரவைத் தானாகப் பெறும் வசதி) தருகிறதா என்று பாருங்கள். இ-சாங்க்யிகி, இ-ஸ்டாட், அமெரிக்கத் தளம் ஆகிய மூன்றிலும் அது உண்டு.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் நேரடியாக எண்ணைக் கேட்கலாமா?

எந்த ஆய்வில், எந்தத் தலைப்பின் கீழ் தேடலாம் என்று கேட்பதற்கு அது உதவும். எண்ணை அதனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். அது தரும் எண்ணுக்கு அட்டவணை எண்ணும் இலக்குத் தொகுதியும் கேளுங்கள், பிறகு அந்த அட்டவணையை நீங்களே திறந்து பாருங்கள்.

எடுத்த எண்ணுக்கு மேற்கோள் எப்படித் தருவது?

படிப்பவர் அதே கட்டத்துக்குத் திரும்பிச் செல்லும்படியாகத் தர வேண்டும். தளத்தின் பெயரை மட்டும் குறிப்பிடுவது போதாது. நிறுவனம், ஆய்வின் பெயர், காலம், அட்டவணையின் எண் அல்லது தலைப்பு, இலக்குத் தொகுதி, அளக்கும் முறை, தரவிறக்கிய நாள் ஆகியவை இருக்க வேண்டும். பல தொடர்கள் பின்னர் திருத்தப்படுவதால் நாளும் முக்கியம். கட்டுரைக்குள் இப்படி எழுதினால் போதும்: ‘15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில், வழக்கமான நிலையின்படி, வேலையின்மை விகிதம் 3.2 சதவீதம் (காலமுறைத் தொழிலாளர் ஆய்வு, 2023 ஜூலை – 2024 ஜூன், இந்தியா முழுவதும், கிராமமும் நகரமும் சேர்த்து)’.